வாப்பாவின் பாவும் என் சொற்பொழிவும்

ஆறே வாரத்தில் ஒருவர் உணவு நிபுணராகிவிட முடியும். நான் ஆகியிருக்கிறேன். கைபேசியில் பாடம், கைபேசியில் பரீட்சை, கைபேசியிலேயே பட்டம். ஒவ்வொரு கேள்விக்கும் நான்கு விடை கொடுத்திருப்பார்கள். அதில் எது நீளமாக இருக்கிறதோ அதுதான் சரி என்பதை இரண்டாவது வாரமே கண்டுபிடித்துவிட்டேன். (அந்தச் சாமர்த்தியத்தில் கால்வாசியைப் பாடத்தின் மேல் காட்டியிருந்தால் இந்தக் கட்டுரைக்கு அவசியம் வந்திருக்காது.)

என் பெயர் சமீனா. பிறந்து வளர்ந்தது தாராவியில். வாழ்க்கைப்பட்டது சான்பாடாவில். அங்கே நான் வாயைத் திறந்தால் மாமியார் டிவி சத்தத்தைக் கூட்டுவார். கணவர் தங்கமானவர், நான் சொல்வதை எல்லாம் தலையாட்டிக் கேட்பார், காதில் மாட்டியிருப்பதைக் கழற்றாமல். இப்படி யாருமே காது கொடுக்காத ஒருத்தியின் கையில் சான்றிதழ் கிடைத்தால் என்ன செய்வாள்? பிறந்த வீட்டுக்கு ரயிலேறுவாள்.

பிறந்த வீட்டில் எனக்கு ஒரு நோயாளி தயாராக இருந்தார். என் வாப்பா. தோல் பெல்ட் செய்யும் பட்டறை வைத்திருந்தார். வயது அறுபத்து மூன்று. எட்டு வருடமாகச் சர்க்கரை நோய். காலையில் ஒரு மாத்திரை, அதன் பிறகு பட்டறைக்குப் போகிற வழியில் பேக்கரி வாசலில் நின்று ஆம்லெட் வைத்த இரண்டு பாவ் பன், ஒரு டீ. நான் பிறப்பதற்கு முன்பிருந்தே இதுதான் அவருடைய காலைச் சாப்பாடு. மும்பையில் அதற்காக யாரும் யாரையும் திட்டுவதில்லை. ஊரில் பாதிப் பேருக்குப் பொழுது விடிவதே பாவில்தான்.

நான் திட்டினேன்.

"பாவ்னா என்ன தெரியுமா வாப்பா? மைதா. மைதான்னா என்ன தெரியுமா? விஷம். குடல்ல போய் பசை மாதிரி ஒட்டிக்கும்."

"அப்படியா?" என்றார் வாப்பா. "நாப்பது வருஷமா ஒட்டுது, இன்னும் ரொம்பலையே?"

உம்மா அடுப்படியிலிருந்து சிரித்தார். தம்பி ரியாஸ் சிரித்தான். நான் சான்றிதழைக் கைபேசியில் எடுத்துக் காட்டினேன். வாப்பா கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டு, அதில் இருந்த என் பெயரை எழுத்துக் கூட்டி இரண்டு தடவை படித்தார். பிறகு சிரிப்பதை நிறுத்திவிட்டு, "சரிம்மா. நாளையிலேருந்து என்ன சாப்பிடணும், சொல்லு" என்றார்.

என் வாழ்க்கையில் ஒரு மனிதர் என் பேச்சைக் கேட்டு அப்படியே கீழ்ப்படிந்தது அதுதான் முதல் தடவை. தலைக்கு ஏறிவிட்டது.

மறுநாள் முதல் பாவுக்குப் பதிலாக முளைகட்டிய தானியத்தை வறுத்து அரைத்த மாவில் அரை டம்ளர் தண்ணீர்க் கஞ்சி. தொட்டுக்கொள்ள, தொட்டுக்கொள்ளாமலும் தின்ன, வெள்ளரித் துண்டு நாலு. உம்மா தட்டை எட்டிப் பார்த்தார்.

"ஏட்டி, கோழிக்குக்கூட இதைவிடக் கூடுதலா போடுவாங்க. மாத்திரை போட்ட மனுசனுக்கு இதெப்படிக் காணும்?"

"உம்மா, நீங்க படிச்சிருக்கியளா?"

உம்மா உள்ளே போய்விட்டார். இன்றைக்கு நினைத்தால் என் வாயில் நானே மைதாப் பசையைத் தடவி ஒட்டிவிடலாம் போலிருக்கிறது. உம்மா கேட்ட அந்தக் கேள்வி என் ஆறு வாரப் பாடத்தில் எங்குமே வரவில்லை. சாப்பாட்டைக் குறைத்தால் மாத்திரையை என்ன செய்வது என்று நானும் யாரையும் கேட்கவில்லை. மாத்திரை டாக்டர் சமாசாரம், சாப்பாடு என் சமாசாரம் என்று பாகம் பிரித்துக்கொண்டேன்.

நான்காம் நாள் காலையில் வாப்பாவுக்குக் கை நடுங்கியது. "மைதா உடம்பைவிட்டு வெளியேறுது" என்றேன். ஏழாம் நாள் சட்டை நனைய வேர்த்தது. "நஞ்சு எறங்குது" என்றேன். அவர் துண்டால் துடைத்துக்கொண்டு, "நெறைய இருந்திருக்கும்போல" என்றார்.

பத்தாம் நாள் அவர் சட்டையில் மாவு ஒட்டியிருந்ததைப் பார்த்தேன். திருட்டுத்தனமாகத் தின்கிறார்! நேரே பேக்கரிக்குப் போனேன். காலை வேளை, வாசலில் பத்துப் பதினைந்து பேர். பேக்கரிக்காரர் உத்தரப்பிரதேசத்திலிருந்து வந்தவர். எங்கள் சந்தில் வியாபாரம் செய்தே பாதித் தமிழ் கற்றுக்கொண்டவர். எல்லோரும் அவரைப் பாயிஜான் என்போம். அத்தனை பேர் முன்னால் அவரைப் பார்த்து, "எங்க வாப்பாவுக்கு விஷம் விக்கிறீங்களா?" என்று கத்தினேன்.

அவர் கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தார்.

"பேட்டி, மகளே, உன் வாப்பா ரோஜ், தினமும் வர்றார். இங்க நிக்கிறார். காலி சாய் குடிக்கிறார், பால் வேணாம், சக்கரை வேணாம் சொல்றார். சூடா பாவ் வரும்போது கொஞ்சம் பக்கத்துல வந்து நிக்கிறார். அப்புறம் போறார். கை வைக்கல. கசம் சே."

சத்தியம் வேறு! நான் நம்பவில்லை. வியாபாரிக்கு வியாபாரம்தானே பெரிது என்று நாலு பேருக்குக் கேட்கும்படி சொல்லிவிட்டு வந்தேன். வீட்டில் வாப்பாவையும் கேட்டேன்.

"நீ வேண்டாம்னு சொன்ன பொறவு எப்படிம்மா திம்பேன்?" என்றார்.

அதையும் நம்பவில்லை. இத்தனை வருடத்தில் யாரும் என் பேச்சைக் கேட்டதில்லை. அதனால் கேட்கிறவர் எப்படி இருப்பார் என்று எனக்கு அடையாளம் தெரியவில்லை.

இருபதாம் நாள்தான் என் சொற்பொழிவு. ஜமாத் மண்டபத்தின் மாடியில் பெண்களுக்குத் தையல் வகுப்பு நடக்கும். வகுப்பு நடத்தும் டீச்சர் உம்மாவுக்குத் தோழி. ஒரு ஞாயிறு காலையில் பேச இடம் வாங்கிவிட்டேன். தலைப்பு: 'தினமும் பாவ்: உணவா, பகையா?' அட்டையில் நானே எழுதி ஒட்டினேன். நாற்பது பெண்கள் வந்திருந்தார்கள். ஒட்டுப்பலகையில் ஓரடி உயரத்துக்கு ஒரு மேடை. மேடையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. நாற்காலியில் என் சாட்சியாக வாப்பா, இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில்.

எல்லோர் முன்னாலும் சர்க்கரை அளவைப் பார்த்துச் சொல்வதுதான் திட்டம். வெறும் வயிற்றில் பார்த்தால் இன்னும் குறைவாகக் காட்டும் என்பதால் அன்றைக்கு அந்த அரை டம்ளர் கஞ்சியையும் நிறுத்தியிருந்தேன். மாத்திரையை மட்டும் வழக்கம்போல் போட்டுக்கொண்டார். அதை நான்தான் கையில் எடுத்துக் கொடுத்தேன்.

பேச்சு பிரமாதமாகப் போயிற்று. (எனக்கு.) அரை மணி நேரம் மைதாவின் மானத்தை வாங்கினேன். வடா பாவைத் திட்டினேன், பாவ் பாஜியைத் திட்டினேன், டீயில் பன் நனைத்துத் தின்பவர்களைப் பொதுவாகத் திட்டினேன். முன்வரிசைப் பெண் ஒருத்தி குழந்தைக்குக் கொடுத்துக்கொண்டிருந்த பிஸ்கட்டை முந்தானைக்குள் மறைத்தாள். ரியாஸ் ஓரமாக நின்று கைபேசியில் படம் பிடித்துக்கொண்டிருந்தான். இடையில் ஒரு தடவை வாப்பா என்னைப் பார்த்து ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் கையைக் காட்டி இருக்கச் சொன்னேன். நெற்றியெல்லாம் வேர்வை. மேடைக் கூச்சம் என்று நினைத்தேன்.

விரலில் ஊசியால் குத்தி, கருவியில் எண் வந்ததும் மைக்கில் அறிவித்தேன்.

"நாப்பத்தெட்டு! இருவது நாளைக்கு முன்னால இருநூத்திப் பத்து. இப்ப நாப்பத்தெட்டு! குறைஞ்சிருக்கு! எல்லாரும் கை தட்டுங்க!"

நாற்பது பெண்களும் தட்டினார்கள். அந்தக் கைதட்டலுக்கு நடுவில் மூன்றாம் வரிசையிலிருந்து ஒரு அம்மா எழுந்தார். சயானில் ஓர் ஆஸ்பத்திரியில் ஆயா வேலை பார்ப்பவர் என்று பிறகு தெரிந்தது.

"ஏ புள்ள, நாப்பத்தெட்டுக்கா கை தட்டச் சொல்லுத? மனுசனைப் பாரு! போகப் போறாரு!"

நான் திரும்பினேன். வாப்பா நாற்காலியிலிருந்து பக்கவாட்டில் சரிந்துகொண்டிருந்தார். மேடை ஓரடிதான். ஆனால் விழும்போது வலக்கையை ஊன்றி, அத்தனை பாரத்தையும் அதன்மேல் போட்டு விழுந்தார். எலும்பு முறிந்த சத்தம் மைக்கில் கேட்டது என்று ரியாஸ் சொல்வான். எனக்குக் கேட்கவில்லை. பின்வரிசையில் விஷயம் புரியாத இரண்டு பேர் இன்னும் தட்டிக்கொண்டிருந்தார்கள்.

அந்த அம்மா மேடைக்கு ஏறி வந்து வாப்பாவின் தலையை மடியில் தாங்கிக்கொண்டார். கண் செருகியிருந்தாலும் கூப்பிட்டதற்கு வாப்பா 'ம்' என்றார். "நெனவு இருக்கு, முழுங்கிருவாரு. இனிப்பு கொண்டாங்க, சீக்கிரம்!" என்று ஆயாம்மா கத்தினார். வந்தவர்கள் கொறிக்க வைத்திருந்த கேரட்டைத் தவிர நான் எதையும் மண்டபத்துக்குள் விடவில்லை. ஆனால் உம்மா மேடைக்குப் பின்னால் ஓடினார். ஓடி வரும்போது கையில் டீயும் ஒரு பாவும் இருந்தன. நாற்பது பேருக்கு வெறும் கேரட்டையா கொடுப்பது என்று, எனக்குத் தெரியாமல் பாயிஜானிடம் சொல்லிவைத்து ஒரு கூடை பாவும் கெட்டியாகச் சர்க்கரை போட்ட டீயும் வரவழைத்திருந்தார்.

முதலில் டீயைக் கரண்டி கரண்டியாக ஊற்றினார்கள். கொஞ்ச நேரத்தில் வாப்பா கண்ணைத் திறந்தார். பிறகு டீயில் நனைத்த பாவைப் பிட்டு வாயருகே கொண்டுபோனார் உம்மா. வாப்பா வாயை மூடிக்கொண்டு, கண்ணால் என்னைத் தேடினார். அனுமதி கேட்கிறார் என்று எனக்குப் புரியவே ஒரு நிமிடம் ஆனது. நாற்பது பேர் பார்த்துக்கொண்டிருக்க, 'உணவா, பகையா?' என்ற அட்டைக்குக் கீழே நின்றுகொண்டு, "சாப்பிடுங்க வாப்பா" என்றேன்.

ஆஸ்பத்திரியில் பெண் டாக்டர் ஒருவர், என்னைவிடச் சின்னவர், வாப்பாவிடம் என்னென்ன சாப்பிட்டார் என்று இந்தியில் விசாரித்தார். வாப்பா கட்டுப்போட்ட கையோடு ஒன்றுவிடாமல் சொன்னார். கஞ்சி, வெள்ளரி, சர்க்கரை இல்லாத கறுப்பு டீ. "இருபது நாளாகக் காலையில் வேறு எதையும் தொடவில்லை. என் மகள் இதற்குப் படித்தவள்" என்றார். அதைச் சொல்லும்போது அவர் குரலில் இருந்தது பெருமை. கிண்டலாக இருந்திருந்தால் நான் தாங்கியிருப்பேன்.

டாக்டர் என் பக்கம் திரும்பினார்.

"நீங்கள்தான் அந்த மகளா?"

தலையாட்டினேன்.

"மாத்திரையின் அளவு அவர் சாப்பிடுகிற அளவைப் பார்த்துக் கொடுத்தது. சாப்பாட்டை நிறுத்திவிட்டு மாத்திரையைக் கொடுத்தால் வேறென்ன ஆகும்? மாற்றுவதாக இருந்தால் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டாமா?"

எனக்கு அப்போதும் புத்தி வரவில்லை. "ஆனால் டாக்டர், பாவ் கெடுதல்தானே?" என்று கேட்டேன். பக்கத்துக் கட்டிலில் இருந்தவர்கூடத் திரும்பிப் பார்த்தார்.

டாக்டர் பேனாவை மூடினார். "தினமும் சாப்பிட அது பெரிய சத்தான உணவு இல்லை. மைதா சர்க்கரையைச் சட்டென்று ஏற்றும். இரண்டை ஒன்றாக்கச் சொல்லியிருக்கலாம். முழுக்கோதுமை ரொட்டிக்கு மாறச் சொல்லியிருக்கலாம். கூட முட்டை சாப்பிடுகிறார், அது நல்லதுதான். இவர் பாவினால் இங்கே வரவில்லை. பட்டினியால் வந்திருக்கிறார்."

இவ்வளவுதான் பாடம். அரை நிமிடத்தில் முடிந்துவிட்டது. எனக்கு ஆறு வாரம் ஆனது, அதிலும் இது இல்லை.

மறுநாள் பாயிஜான் வார்டுக்கு வந்தார். நான் மன்னிப்புக் கேட்க எழுந்தேன். அவர் என்னைப் பார்க்காமல் வாப்பாவின் கட்டில் பக்கம் போய் உட்கார்ந்துகொண்டார். இன்றுவரை என்னிடம் அவர் பேசியதில்லை. பாவ் வாங்கப் போனால் தருகிறார். என் முகத்தைப் பார்க்காமல்.

வாப்பாவின் எலும்பு கூடிவிட்டது, விரல்களுக்குப் பழைய பலம் திரும்பவில்லை. தோல் வெட்டும் கத்திக்குக் கட்டைவிரல் பலம் வேண்டும். பட்டறையை ரியாஸ் எடுத்துக்கொண்டான். வாப்பா அங்கே போய் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து மற்றவர்கள் வெட்டுவதைப் பார்த்துவிட்டு வருகிறார். காலையில் ஒரு பாவ், ஆம்லெட். இடக்கையால் சாப்பிடக் கூடாது என்பதால், மடங்காத விரல்களுக்கு நடுவில் அதை எப்படியோ இடுக்கிக்கொள்கிறார்.

ரியாஸ் எடுத்த வீடியோ குடும்ப வாட்ஸ்அப்பில் சுற்றியது. ஜாக்கிரதையாகக் கைதட்டலோடு வெட்டியிருந்தான். அதிலிருந்து எங்கள் சொந்தத்தில் எது இறங்கினாலும் இதே பேச்சுத்தான். பரீட்சையில் மார்க் போனாலும், போனில் சார்ஜ் போனாலும், மாடித் தொட்டியில் தண்ணீர் போனாலும், யாராவது ஒருவர் என் குரலில், "குறைஞ்சிருக்கு! எல்லாரும் கை தட்டுங்க!" என்பார். ஊரிலிருந்து வருகிற, என்னை ஒருமுறைகூடப் பார்த்திராத உறவுக்காரர்களும் சொல்கிறார்கள். நானும் சிரிப்பேன். உம்மா மட்டும் சிரிப்பதில்லை.

போன மாதம் கைக்குப் பயிற்சி கொடுக்கும் இடத்துக்கு வாப்பாவை நான்தான் கூட்டிப்போனேன். பிடியின் பலத்தை அளக்கும் கருவியை அந்தப் பெண் அவர் கையில் வைத்து அழுத்தச் சொன்னாள். பல்லைக் கடித்துக்கொண்டு அழுத்தினார். முள் நகர்ந்து நின்றது. அவள் சீட்டில் எழுதினாள். நான் எட்டிப் பார்த்தேன். போன தடவையை விடக் கீழே.

வாப்பா என் முகத்தைப் பார்த்தார்.

"குறைஞ்சிருக்கும்மா" என்றார் சிரித்துக்கொண்டே. "கை தட்டு."

தட்டினேன். அந்தப் பெண்ணுக்குத் தமிழ் தெரியாது. ஏதோ நல்ல செய்தி என்று நினைத்து அவளும் சேர்ந்து தட்டினாள்.