பூசணிக்காய்க்குப் பக்கத்தில் என் பழைய போன்

பாளையங்கோட்டை,
ஞாயிறு சாயங்காலம்.

கர்த்தருக்குள் பிரியமான தம்பி ஜெபஸ்டினுக்கு அக்காள் பாக்கியவதி ஸ்தோத்திரம் சொல்லி எழுதுவது. இங்கே நானும் உன் அத்தானும் கோழிகளும் சுகம். கோயம்புத்தூரில் நீயும் வினோலியாவும் பிள்ளைகளும் சுகமாயிருக்க அனுதினமும் ஜெபிக்கிறேன். சின்னவன் சளிக்குத் தனியாக.

இந்தக் காலத்தில் அக்காள் தபாலில் எழுதுகிறாளே என்று சிரிப்பாய். கணக்கைத் திறக்க ஆறு நம்பர் காட்டுமே, அந்தப் பாதுகாப்பு ஆப்பை என் போனில் ஏற்றிக் கொடுத்த அன்றைக்கு நீ என்ன சொன்னாய்? "எக்கா, இந்த ஆறு நம்பர் விஷயத்தைப் போன்ல யார்ட்டயும் பேசாத, நானே கூப்பிட்டுக் கேட்டாலும் சொல்லாத" என்றாய். மத்தியானத்திலிருந்து நீ கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறாய், நான் எடுக்கவேயில்லை. கீழ்ப்படிதல் என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும்.

விஷயம் என்னவென்றால், டொரண்டோவிலிருந்து நம் ஜெசி எனக்குப் புதுப் போன் அனுப்பினாள் அல்லவா, பிரசவத்துக்கு அம்மா வரும்போது பழைய போனோடு விமானத்தில் ஏறக் கூடாதாம். மார்க்கெட் பக்கம் போன் கடையில் இரண்டையும் கொடுத்தேன், அந்தப் பையன் படம், பாட்டு, வாட்ஸ்அப், போன வருஷத்துக் காலை வணக்கங்கள் உட்பட எல்லாவற்றையும் ஒரு டீ குடிக்கிற நேரத்தில் இந்தப் போனுக்கு மாற்றிவிட்டான். எல்லாம் வந்ததா என்று வரவுசெலவு சரிபார்ப்பது போலப் பார்த்தேன், உன் ஆப்பும் வந்து உட்கார்ந்திருந்தது, திருப்தியாகிவிட்டது. பழசை என்ன செய்வது? நல்லா ஓடுகிற பொருளை வீணாக்கலாமா? நம் கோயிலில் ஸ்தோத்திரப் பண்டிகை வந்தது. அவரவர் விளைந்ததைக் கொண்டுபோய் மேசையில் வைப்பார்கள், ஆராதனை முடிந்ததும் ஏலம். எனக்கு வயலா வரப்பா? சிம்மை மட்டும் கழற்றிவிட்டு, தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைத்து, பழைய போனைக் காணிக்கையாக வைத்துவிட்டேன். ஒரு பக்கம் பூசணிக்காய், மறுபக்கம் கால் கட்டிய சேவல்.

பிரசங்கம் முடிகிற நேரத்தில் புதுப் போன் குலுங்கியது. விசாவுக்குக் கைரேகை வைக்கத் தேதி கிடைத்திருக்கிறது, இன்று சாயங்காலத்துக்குள் உறுதி செய்யாவிட்டால் தேதி வேறு ஆளுக்குப் போய்விடுமாம். அடுத்த தேதி எப்போதோ, அதற்குள் பேரப்பிள்ளை பிறந்து தவழ்ந்துவிடும். வெளியே வந்து வேப்பமரத்தடியில் விசாக் கணக்கைத் திறந்தேன், ஆறு நம்பர் கேட்டது. உன் ஆப்பைத் திறந்தேன். உள்ளே ஒன்றுமில்லை தம்பி! கழுவிக் கவிழ்த்த பானை மாதிரி இருந்தது. பானைதான் வந்திருக்கிறது, சோறு வரவில்லை. நம்பர்கள் வேண்டுமானால் பழைய போனில் ஆப்பைத் திறந்து, அது காட்டுகிற கறுப்பு வெள்ளைக் கட்டத்தைப் புதுப் போனால் படம் பிடி என்று எழுதியிருந்தது. மாறாத தேவனை நம்பி வளர்ந்தவளை அரை நிமிஷத்துக்கு ஒருதரம் மாறுகிற நம்பரிடம் ஒப்புக்கொடுத்தாயே, உன்னை என்ன சொல்ல?

ஓடிப்போய் ஏலம் விடுகிற நேசையாவைப் பிடித்தேன். "அய்யா, அந்தப் போனை ஒரு நிமிஷம் தாங்க, ஒரு படம் மட்டும் எடுத்துட்டுத் தாரேன்."

அவர் மைக்கை மூடாமலே, "என்ன மதினி, ஆண்டவருக்கு வச்சதைத் திரும்பக் கேக்கியளா? மேசைக்கு வந்தது ஏலத்துலதான் இறங்கும். வேணும்னா கேட்டு எடுங்க" என்றார். ஊரே திரும்பிப் பார்த்தது.

தான் வைத்த காணிக்கையைத் தானே ஏலம் கேட்டால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்? பக்கத்தில் இருந்த அன்னத்தாயிடம், "நீ கேளுட்டி, துட்டு நான் தாரேன்" என்று கிசுகிசுத்தேன். அவள் ஒரு விலை சொன்னாள். ஆண்கள் பக்கம் தூணுக்குப் பின்னாலிருந்து மில்லுக்கார ஜெய்சன் நூறு கூட்டினான். நான் அன்னத்தாயை இடித்தேன், அவள் கூட்டினாள். அவனும் கூட்டினான். சேவல் கூவியது, அதையும் ஒரு ஏலக் கேள்வியாக எடுத்துக்கொள்ளவா என்று நேசையா கேட்டார், சனங்கள் சிரிக்கிறார்கள், நானோ அன்னத்தாயை மறுபடி இடிக்கிறேன். புதுப் போன் விலையை நெருங்கியபோது அன்னத்தாய், "எக்கா, போதும்க்கா, எனக்கே வேர்க்குது" என்றாள். நானும் மாசச் செலவை நினைத்து விட்டுவிட்டேன். ஒருதரம், இரண்டுதரம், மூன்றுதரம். ஜெசியின் பிரசவம் ஜெய்சன் கைக்குப் போனது.

முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு நிற்கிறேன், தூணுக்குப் பின்னாலிருந்து உன் அத்தான் போனோடு வருகிறார். "ஏட்டி, இதுல பூட்டு போட்டிருக்கே, தொறந்து தா."

"நீங்களா! அப்ப ஜெய்சன்?"

"நான் கேட்டா நீ வையுவேன்னு அவனக் கேக்கச் சொன்னேன். ஜெசி கல்யாணப் படமெல்லாம் இதுல இருக்கே, வேற எவனும் கொண்டு போயிரக் கூடாதுல்லா. எவளோ ஒருத்தி விடாம ஏத்துனாட்டி, சரியான கிறுக்கச்சி!"

அந்தக் கிறுக்கச்சி நான்தான். அன்னத்தாய் சொல்லிவிட்டாள். "நீங்க ரெண்டு பேருந்தான் ஏத்துறியன்னு எங்க எல்லாருக்கும் மொதல்லயே தெரியும் அண்ணாச்சி. வீட்டுலயும் இப்படித்தான போட்டி போடுவியன்னு பேசாம இருந்தோம்." நேசையா மட்டும் நெஞ்சில் கை வைத்து, "கோயில் காரியம் நல்லா நடக்குது, நான் ஏன் குறுக்க விழணும் மதினி?" என்றார்.

போகட்டும். பூட்டைத் திறந்தேன், கட்டம் வந்தது, படம் பிடித்தேன், நம்பர்கள் புதுப் போனுக்கு வந்துவிட்டன. தேதியும் உறுதியாகிவிட்டது, ஸ்தோத்திரம்! பழைய போனிலிருந்து அவற்றை எடுத்துவிடவா என்று ஆப்பு கேட்டது. ஒரே வரவை இரண்டு இடத்தில் எழுதுகிற பழக்கம் எனக்கில்லை, எடுத்துவிடு என்று அழுத்திவிட்டேன். இனிமேல் இந்தப் போன் மாற்றும் காரியத்துக்கு யார் தயவும் எனக்குத் தேவையில்லை. உனக்குச் சந்தேகம் வந்தால் எனக்கு எழுது, சொல்லித் தருகிறேன்.

வினோலியாவுக்கு என் அன்பு, பிள்ளைகளுக்கு முத்தம். உங்கள் போக்கையும் வரத்தையும், வீட்டில் சார்ஜில் கிடக்கிற எல்லாவற்றையும் ஆண்டவர் காப்பாராக.

இப்படிக்கு,
அன்பு அக்காள்
பாக்கியவதி

பி.கு: கடிதத்தை மடித்துவிட்டு எழுந்து பார்த்தால் வீட்டு மேசையில் பழைய போன் மட்டும் கிடக்கிறது. உன் அத்தானைக் கேட்டேன். "தேதி கிடைச்சதுக்கு நன்றிக் காணிக்கை வைக்கணும்லா? ஆண்டவருக்குப் பழசைக் குடுத்தியே, அது முறையாட்டி? அதான் புதுசை நேசையாட்டக் குடுத்துட்டு வாரேன்" என்று பல்லைக் காட்டுகிறார். நேசையாவிடம் ஓடினால் காலையில் சொன்னதையே சொல்கிறார், அடுத்த ஞாயிறு மறு ஏலமாம். கைரேகை வைக்கப் போகும்போது காட்டுகிற சீட்டை அச்செடுக்க மறுபடியும் ஆறு நம்பர் வேண்டும், பழசிலிருந்து அதை நான்தான் எடுத்துவிட்டேனே. ஆகையால் கடிதம் கண்டதும் புறப்பட்டு வா. நீ ஏலம் கேட்க வேண்டாம், அன்னத்தாய் இருக்கிறாள். ஆண்கள் பக்கம் உன் அத்தானை ஒட்டி உட்கார்ந்து அவர் வாயைப் பொத்திக்கொண்டால் போதும். ஜெய்சன் வாயையும்.