போயா நாளில் ஒரு பப் தேடிப் போனோம்

சொந்த ஊரைப் பற்றி வெளியாருக்கு முன்னால் பெருமை பேசுவது ஒரு வியாதி. அதற்கான மருந்தும் அந்த ஊரிடமே இருக்கிறது. கசப்பு மருந்து. நான் ஒரு மாலைப் பொழுதில் முழுப் போத்தலையும் குடித்து முடித்தவன்.

எங்கள் வீட்டு மேல்மாடியில் டெரிக்கும் பமேலாவும் குடியிருக்கிறார்கள். இங்கிலாந்துக்காரர். யுத்தம் முடிந்த கையோடு ஒரு குடிதண்ணீர்த் திட்டத்துக்காக மன்னாருக்கு வந்து வேலை செய்தவர் டெரிக். ஓய்வு பெற்றதும், இனி மழையே வேண்டாம் என்று மனைவியையும் கூட்டிக்கொண்டு திரும்பி வந்துவிட்டார். எங்கள் பிள்ளைகள் இருவரும் கனடாவில். அவர்கள் போன பிறகு மேல்மாடியில் காற்று மட்டும்தான் நடமாடிக்கொண்டிருந்தது. ஒரு பருவத்துக்குக் கச்சான், மறு பருவத்துக்கு வாடை. வாடகை தராத குடித்தனக்காரர்கள். டெரிக்கும் பமேலாவும் வந்து, மேலே கதிரை இழுபடும் சத்தம் கேட்கத் தொடங்கிய பிறகுதான் நானும் என் மனைவி ஜெசிந்தாவும் இரவுச் சாப்பாட்டை மேசையில் வைத்துச் சாப்பிடத் தொடங்கினோம்.

நல்ல மனிதர்கள். ஒரே குறை, ஒப்பிடுவார்கள்.

பின்னேரம் விறாந்தையில் வந்து இருந்தார்கள் என்றால் தொடங்கிவிடும். இங்கே பாண் இனிக்கிறது, அங்கே இனிக்காது. அங்கே பட்டர் வெட்டுப்படும், இங்கே ஊற்றுப்படும். அங்கே கடையில் மீனுக்குத் தலை இல்லை. இங்கே மீன் இன்னும் உங்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. நண்டு என்றால் மன்னார் நண்டுதான், ஆனால் சீஸ் என்ற பெயரில் விற்பது சவர்க்காரம். தேயிலை விளைகிற நாட்டில் ஏன் பால்மாவைக் கரைத்துத் தருகிறீர்கள் என்று பமேலா என்னிடம் கேட்டபோது, அந்தக் குற்றத்தை நான் தனியாளாகச் செய்தது போலத் தலையைக் குனிந்துகொண்டேன். (நான் கவிதை எழுதுகிறவன். எதற்கும் தலை குனியப் பழகியவன்.)

கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துப் போனது. ஆனால் ஒப்பீட்டின் கடைசியில் எப்போதும் பப் வரும். அந்த இடத்தில் மட்டும் டெரிக்கின் குரல் இறங்கிவிடும்.

"குடி இல்லை விஷயம்," என்றார் ஒருநாள். "யாரும் அழைக்காமல் போகலாம். யாருக்குப் பக்கத்திலும் இருக்கலாம். கதைக்கத் தேவையில்லை. நீ யார், ஏன் வந்தாய் என்று ஒருத்தரும் கேட்க மாட்டார்கள். அப்படி ஓர் இடம் இந்த ஊரில் எங்கே?"

"இருக்கு, இருக்கு," என்றேன். வியாதி என்று சொன்னேன் அல்லவா.

ஒரு நாள் மத்தியானம் ஜெசிந்தா கண் கலங்கி வந்து நின்றாள்.

"இஞ்சேருங்கோ, பமேலா அழுதுகொண்டு நிக்கிறா. தெற்கில, காலிப் பக்கம் ஒரு வீடு பார்த்திட்டினமாம். அங்க வெள்ளையர் கனபேராம், பப்பும் இருக்காம். வீட்டுக்காரனுக்கு நாளைக்குக் காலமை முடிவு சொல்லவேணுமாம். அவவுக்குப் போக விருப்பமில்லை. அவர்தான் இஞ்ச தனிச்சுப் போனாராம்."

"நான் பாக்கிறன்."

"என்னத்தைப் பாக்கப் போறீங்கள்?"

"இண்டைக்குப் பின்னேரம் அவரை ஒரு பப்புக்குக் கூட்டிக்கொண்டு போறன்."

அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். நான் அதற்குள் மேல்மாடிப் படியில் பாதி தூரம் ஏறிவிட்டேன். கவிஞர்கள் மற்றவர் வசனத்தை முடிக்க விடுவதில்லை.

உப்புக்குளத்து ரமீஸின் ஓட்டோவைக் கூப்பிட்டேன். ரமீஸ் சிக்கனமான மனிதர். பெற்றோலையும் வார்த்தையையும் வீணாக்க மாட்டார்.

"எங்க அண்ணன்?"

"ஒரு நல்ல பாருக்கு."

அவர் என்னைப் பார்த்தார். பின்சீற்றில் புதுச் சட்டையும் தொப்பியுமாக மலர்ந்துபோய் இருந்த டெரிக்கைப் பார்த்தார்.

"இண்டைக்கோ?"

"ஓம், இண்டைக்குத்தான்."

ஓட்டோவைக் கிளப்பினார். அவ்வளவுதான்.

கடை பூட்டிக் கிடந்தது. இரும்புக் கம்பி வலைக்கு மேல் இன்னொரு இரும்புக் கதவு. வாசல் நிழலில் ஒரு கழுதை, அங்கே வழமையாக நிற்பவர்களின் முகபாவத்தோடு நின்றது.

"ஏன் பூட்டு?" என்றேன்.

"போயா எல்லோ அண்ணன்," என்றார் ரமீஸ். "நாடு முழுக்கச் சாராயக் கடை பூட்டு."

நிலவைப் பற்றி எழுதியே பேர் வாங்கியவன் நான். அதுவும் பூரண நிலவைப் பற்றி. அன்றைக்குப் பௌர்ணமி என்பது எனக்கு ஒரு சாராயக் கடையின் பூட்டைப் பார்த்துத்தான் தெரிய வந்தது.

"பரவாயில்லை," என்றேன். "விடத்தல்தீவுப் பக்கம் ஒரு தவறணை இருக்கு. முன்கதவு பூட்டினாலும் பின்பக்கத்தால தருவினம். பனங்கள்ளு. உங்கள் நாட்டு பியர் எல்லாம் கிட்ட வராது," என்று டெரிக்குக்கு விளக்கினேன்.

பாலத்தைத் தாண்டினோம். இரண்டு பக்கமும் கடல் வற்றி, சேறு வெயிலில் மினுங்கிக்கொண்டிருந்தது. டெரிக் காற்றுக்குத் தொப்பியைப் பிடித்துக்கொண்டு, பப்பில் தனக்கென்று இருந்த மூலைக் கதிரையைப் பற்றிச் சொல்லிக்கொண்டு வந்தார். நான் தலையாட்டினேன். களைத்த மனிதன் செய்யக்கூடிய மிகப் பெரிய விருந்தோம்பல் தலையாட்டுவதுதான்.

தவறணையின் பின்பக்கத்தில் ஒருவர் சாய்மனைக் கதிரையில் படுத்திருந்தார். கள்ளு விற்பவர். பக்கத்தில் வானொலி, இயேசுவின் பாடுகளின் பாட்டை இழுத்து இழுத்துப் பாடிக்கொண்டிருந்தது.

"என்ன வேணும்?"

"இவருக்குக் கொஞ்சம்..." என்று கையால் காட்டினேன்.

அவர் எழும்பவே இல்லை. "நீங்கள் வேதக்காரர்தானே?"

"ஓம்."

"தவக்காலம் எண்டு தெரியுமோ, தெரியாதோ? சனமே குடியை விட்டிட்டுது, நானும் விட்டிட்டன். நீங்கள் வெள்ளையரையும் ஏத்திக்கொண்டு வந்து நிக்கிறீங்கள். பங்குச் சுவாமி கண்டால் என்ன சொல்லுவார்?"

திரும்பி வந்து ஓட்டோவில் ஏறினேன். ரமீஸ் கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்தார்.

"உங்களுக்குத் தவக்காலம். எனக்கு நோன்பு, காலமையிலிருந்து பச்சைத் தண்ணி படேல்லை. சிங்கள ஆக்களுக்குப் போயா. இந்த இலங்கையில இண்டைக்குச் சும்மா இருக்கிற ஒரே ஆள் இவர்தான் அண்ணன்."

மூன்று சமயங்கள் ஒரே நாளில் கைகோத்து நின்றிருக்கின்றன. இந்த நாட்டில் அது எவ்வளவு அரிது என்று ஒரு கட்டுரையே எழுதலாம். நான் அந்தக் கைகளுக்கிடையில் தலையைக் கொடுத்திருந்தேன்.

டெரிக் மூலைக் கதிரைக் கதையைப் பாதியில் விட்டுவிட்டார். அவர் ஒப்பிடவில்லை என்பதுதான் என்னைப் பயமுறுத்தியது. காலிக்குப் போகிறவரின் மௌனம் அது. அடைத்து வைத்த பெட்டி போல இருந்தார்.

சூரியன் இறங்கிக்கொண்டிருந்தது. வழியில் ஒரு சின்ன ஊர். ரோட்டோரம் நெடுக வெள்ளைக் கொடிகள். ஒரு வளவுக்குள் தகரப் பந்தல், மின்குமிழ்கள், வரிசையாகப் பிளாஸ்ரிக் கதிரைகள். ஆண்கள் இருந்தார்கள். சிலர் கதைக்காமல் இருந்தார்கள், சிலர் ஒரு மூலையில் கடதாசிச் சீட்டு விளையாடினார்கள். ஒருவர் தட்டத்தில் சோடாவும் பிளேன்ரீயும் கொண்டு திரிந்தார்.

"அதோ!" என்று டெரிக் கத்தினார். "நீ சொன்னது உண்மைதான்!"

ரமீஸ் பயத்தில் பிரேக்கை அழுத்தினார். அது தவறு. ஓட்டோ நின்றது, டெரிக் இறங்கிவிட்டார்.

அது செத்தவீடு.

நான் ஓடிப்போவதற்குள் அவர் ஒரு மூலைக் கதிரையைப் பிடித்து உட்கார்ந்து, கையில் சோடாவும் வாங்கிவிட்டார். ஒருத்தரும் அவரை யார் என்று கேட்கவில்லை. செத்தவீட்டுக்கு வந்த ஆளிடம் யாரப்பா நீ என்று கேட்கும் வழக்கம் எங்களிடம் இல்லை. வந்தவர் வந்தவர்தான். பக்கத்தில் இருந்த வயதானவர் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார். டெரிக் சோடாப் போத்தலை உயர்த்தி அவருக்குக் காட்டினார். அவரும், வெள்ளைக்காரரின் துக்க வழக்கம் இதுவாக்கும் என்று, தன் பிளேன்ரீயை மரியாதையாக உயர்த்தினார்.

நான் டெரிக்கின் காதுக்குள் குனிந்தேன். சொல்ல வேண்டியது ஒரே வசனம். அதற்குள் ஒருவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நான் மூத்த மகன் அன்ரன். ஐயாவை உங்களுக்கு எப்பிடிப் பழக்கம்?"

"கனகாலம்," என்று என் வாய் சொல்லிவிட்டது.

"வெள்ளையருக்கும்?"

"அவருக்கும்தான்."

"ஐயா சொன்னவர், சொன்னவர். தண்ணித் திட்டக் காலத்தில ஐயா குழாய்க் கிடங்கு வெட்டப் போனவர்," என்று அன்ரன் தானே கதையை முடித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டார். என் பொய் என் கண்முன்னாலேயே வளர்ந்து, கல்யாணம் முடித்துப் பிள்ளையும் பெற்றுவிட்டது.

திரும்பிப் பார்த்தால் கதிரையில் டெரிக்கைக் காணவில்லை. பப் வழக்கப்படி, எல்லாருக்கும் அடுத்த சுற்றுத் தன் பொறுப்பு என்று தட்டத்தை வாங்கி, கதிரை கதிரையாகப் பிளேன்ரீ கொடுத்துக்கொண்டிருந்தார். ஊரவர் சங்கடப்பட்டு எழும்பி எழும்பி வாங்கினார்கள். வானம் இருண்டு வர, ரமீஸ் அவரிடமே ஒரு கோப்பை தண்ணீர் வாங்கி நோன்பு துறந்தார். அன்று அந்தப் பந்தலில் குறையில்லாமல் நடந்த காரியம் அது ஒன்றுதான்.

பிறகு டெரிக் தட்டம் காலியானதும், நிரப்புவதற்காக, பார் எங்கே இருக்கிறது என்று தேடி வீட்டுக்குள்ளே போனார்.

நான் பின்னால் பாய்ந்தேன். உள்ளே மெழுகுதிரிகள். பெண்கள் நிலத்தில் இருந்து செபமாலை சொல்லிக்கொண்டிருந்தார்கள். நடுவில் பெட்டி. பெட்டிக்குள் வெள்ளை உடுப்போடு அன்ரனின் தகப்பன் சந்தியாம்பிள்ளை ஐயா. தலைமாட்டில் அவருடைய மனைவி திரேசம்மா.

டெரிக் நின்றார். முகம் அவித்த நண்டின் நிறத்துக்குப் போனது. தொப்பியைக் கழற்றினார். தட்டத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். முழங்காலில் இருந்தார். பெரிய உடம்பு, கஷ்டப்பட்டுத்தான் இறங்கினார். எழும்பியதும் திரேசம்மாவின் கையைப் பிடித்தார். அந்த மனிதர் ஏதாவது சொல்ல வேண்டும் என்று தவிப்பது எனக்குத் தெரிந்தது. அவருக்குத் தெரிந்த தமிழ் மூன்றே வசனம். மூன்றும் நான் படிப்பித்தவை. வணக்கம். நல்லாயிருக்கு. போயிட்டு வாறன்.

கடவுளே, இரண்டாவதை மட்டும் சொல்ல விடாதே என்று மன்றாடினேன். கடவுள் கேட்டார்.

"போயிட்டு வாறன்," என்றார் டெரிக், கண்ணீரோடு, உரத்து, ஒவ்வொரு எழுத்தாக.

செபமாலை நின்றது. செத்தவீட்டில் சொல்லிக்கொண்டு போகக்கூடாது. தலையைக் குனிந்து பேசாமல் கிளம்ப வேண்டும். திரும்பி வருவேன் என்பது, இந்த வீட்டில் இன்னொரு சாவு விழட்டும் என்பதற்குச் சமம். ஒரு பெண் "மாதாவே!" என்றாள். அன்ரன் வாசலில் கல்லாக நின்றார்.

திரேசம்மா டெரிக்கை அண்ணாந்து பார்த்தார். பெட்டியைப் பார்த்தார். பிறகு,

"ஓம் தம்பி, வாங்கோ," என்றார். "அடுத்தது நான்தான். மறக்காமல் வந்திடுங்கோ."

முதலில் யாரோ ஒருத்தி மூக்கை உறிஞ்சினாள். பிறகு ஒரு விக்கல். பிறகு அந்த அறை முழுக்கப் பெண்கள் சேலைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டு குலுங்கினார்கள், அழுகையா சிரிப்பா என்று பிரிக்க முடியாதபடி. திரேசம்மா என்னைப் பார்த்து, "என்ன சொன்னனான் எண்டு அவருக்குச் சொல்லுங்கோ," என்றார். சொன்னேன். அது ஒன்றைத்தான் அன்று நான் ஒழுங்காக மொழிபெயர்த்தேன்.

டெரிக் தலையை ஆட்டி, நெஞ்சில் கை வைத்தார்.

திரும்பும் வழியில் நிலவு ஏறியிருந்தது. நான் அதைப் பார்க்க மறுத்தேன்.

"என் தம்பி செத்தபோது," என்றார் டெரிக், பாலத்தடியில், "எரிக்கிற இடத்தில் எங்களுக்குத் தந்தது இருபது நிமிஷம். அடுத்த குடும்பம் கதவடியில் காத்துக்கொண்டு நின்றது. ஒருத்தருக்கும் தேத்தண்ணீர் கிடைக்கவில்லை."

அவ்வளவுதான் சொன்னார். கடை, சாப்பாடு, பப் எல்லாம் ஒப்பிட்டு முடித்த மனிதர் கடைசியாக வைத்திருந்த ஒப்பீடு அது.

மறுநாள் காலை பமேலா தொலைபேசியில் காலிக்காரனிடம், வர முடியாது என்று சொல்லிவிட்டாள். காரணம் கேட்டானாம். "என் கணவர் இங்கே ஒரு மரணச்சடங்குக்கு வாக்குக் கொடுத்துவிட்டார்," என்றாளாம். எப்போது என்று கேட்டானாம். அது இன்னும் தெரியாது என்றாளாம்.

இப்போது எங்கள் பக்கத்துச் செத்தவீடுகளில் தட்டம் தூக்குவது டெரிக்தான். அவருக்கு நான்காவது வசனம் ஒன்றும் தெரியாது. முதல் மூன்றையும் அங்கே சொல்வதில்லை என்று மட்டும் தெரியும். செத்தவீட்டுக்குப் போக நான் வெள்ளைச் சட்டை போட்டால் ஜெசிந்தா, "என்னப்பா, பப்புக்கோ?" என்கிறாள். கனடாவில் இருக்கும் பிள்ளைகளும் தொலைபேசியில், அப்பா பப்புக்கோ என்றுதான் கேட்கிறார்கள்.

திரேசம்மா திடகாத்திரமாக இருக்கிறார். ரமீஸ் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் அவர் கையில் கருவாட்டுப் பொட்டலம் ஒன்றைக் கொடுத்து, "வெள்ளையரிட்டச் சொல்லுங்கோ, இன்னும் நேரம் வரேல்லை, அவசரப்பட்டு ஊருக்குப் போயிட வேண்டாம் எண்டு," என்று சொல்லி அனுப்புகிறார். கருவாட்டை வாங்கிய கையோடு ஜெசிந்தா திரேசம்மாவின் ஆயுளுக்காகச் செபமாலையை எடுத்துக்கொண்டு இருந்துவிடுவாள். கிழவிக்கு ஒரு தடிமன், தும்மல் என்று கேள்விப்பட்டால் இரண்டு செபமாலை.