முதலாளியின் மோட்டர் போட்

தீவிலே பிறந்து, தீவிலே வீடு கட்டி, நாலு பக்கமும் உப்புக்காற்று வீச, கடலோடு மட்டும் பேச்சுவார்த்தை இல்லாமல் வாழ்ந்த மனிதர் உலகத்தில் ஒருவர்தான் இருந்திருப்பார். புளியங்கூடலில் அவரை எல்லோரும் முதலாளி என்றார்கள். அங்கே விஞ்ஞானம் படிப்பிக்கப் போன நான், அவருடைய பக்கத்து வீட்டில் வாடகைக்கு இருந்த காலம் முழுவதும் அவருடைய சொந்தப் பெயரைக் கேள்விப்படவில்லை. வாக்காளர் இடாப்பில் எங்கேயாவது இருந்திருக்கும்.

தெற்கே ஒரு பட்டணத்தில் நெடுங்காலம் சாப்பாட்டுக் கடை நடத்திவிட்டு ஊருக்குத் திரும்பியவர் அவர். கடையை விற்றுவிட்டார்; பழக்கத்தை யாரும் வாங்கவில்லை. விறாந்தையில் மேசை போட்டு, மேசையில் மணி வைத்து, நான் படலையைத் திறந்தால் போதும், குசினிப் பக்கம் பார்த்துக் குரல் கொடுப்பார்.

“ரீச்சருக்கு ஒரு பிளேன்ரீ! சீனி குறைவு!”

“கடை பூட்டியாச்சு!” என்று உள்ளே இருந்து பதில் வரும். அது அவருடைய மனைவி தவமக்கா. ஒருநாள் தவமக்கா அந்த மணியை எடுத்து ஆட்டின் கழுத்தில் கட்டிவிட்டார். அதன் பிறகு ஆடு தலையை ஆட்டும்போதெல்லாம் முதலாளி நித்திரையிலிருந்து எழும்பி, “வாறன், வாறன், இருங்கோ” என்றார்.

கடலோடு அவருக்கு என்ன கோபம் என்பதைத் தவமக்காதான் எனக்குச் சொன்னார். முதலாளி பிறந்தது கடல்வழியாக மட்டும் போய்வரக்கூடிய அனலைதீவில். சின்ன வயதில் வள்ளத்தில் ஊர்காவற்றுறைக்கு வரும்போது காற்றில் அகப்பட்டு, பக்கத்தில் இருந்த ஐயரின் புதுச் சால்வையில் காலைச் சாப்பாட்டை முழுவதுமாக ஒப்படைத்திருக்கிறார். கரையில் இறங்கியவர் பிறகு வள்ளம் ஏறவில்லை. படிப்பு, கடை, கலியாணம் எல்லாவற்றையும் றோட்டுப் போகிற இடங்களிலேயே வைத்துக்கொண்டார். வயதான காலத்தில் வீடு கட்டியதும், தீவென்றாலும் பாலம் வழியாக பஸ் வந்துபோகிற புளியங்கூடலில்தான்.

அனலைதீவில் அவருக்கு ஒரே ஓர் அக்கா. இவரை இடுப்பில் தூக்கித் திரிந்து வளர்த்தவர். தம்பி வரமாட்டான் என்று தெரிந்து, அவரேதான் படகேறி வந்து பார்த்துவிட்டுப் போவார். பிறகு கிணற்றடியில் விழுந்து, இடுப்பெலும்பு முறிந்து, கட்டிலோடு ஆகிவிட்டார். இப்போது தம்பிதான் போகவேண்டும். தம்பியோ செவ்வாய்க்கிழமை பயணம் ஆகாது என்றார். புதன்கிழமை பல்லுக்கொதி என்றார். வியாழக்கிழமை ஆட்டுக்குச் சுகமில்லை என்றார். கடல் என்ற சொல் மட்டும் வாயில் வரவில்லை. ஆனால் பாண், பணிஸ், வாழைப்பழம் எல்லாம் தவறாமல் போயின. கொண்டுபோய்க் கொடுத்தவன் யோகன். பக்கத்தில் ஊர்காவற்றுறையில் சொந்தப் படகு வைத்து மீன்பிடிக்கிறவன்.

“முதலாளி, ‘தம்பி எப்ப வாறான்’ எண்டு உங்கட அக்கா கேக்கிறா” என்று திரும்பி வந்து சொல்வான்.

“பணிஸ் மெதுவா இருந்ததாமோ?” என்று முதலாளி கேட்பார்.

இந்த நிலைமையில்தான் கனடாவிலிருந்து அந்தப் படகு வந்தது. முதலாளி மகளிடம் கேட்டது, தோட்டத்துக்குத் தண்ணீர் இறைக்க ஒரு சின்ன மோட்டர். ரெலிபோன் இரைச்சலில் மருமகனுக்குக் கேட்டது, தண்ணீரில் ஓடுகிற சின்ன மோட்டர். அவர் நல்ல பிள்ளை. யாரோ ஓட்டிக் களைத்து விற்ற றிமோட் ரேஸ் போட் ஒன்றைத் தேடி வாங்கி, சொக்கிளேற்றுக்கு நடுவில் வைத்து அனுப்பிவிட்டார். கை நீளம், சிவப்பு நிறம், கூர்மூக்கு. தண்ணீர், மோட்டர், சின்னது மூன்றும் சரி. தோட்டம் மட்டும் காய்ந்துகொண்டே இருந்தது.

முதலாளி அதை இரண்டு நாள் திரும்பிப் பார்க்கவில்லை. மூன்றாம் நாள் கோயில் கேணியில் விட்டுப் பார்த்தார். பழைய மோட்டர், பழைய பற்றறி. படகு தாரா வாத்து மாதிரி அசைந்து நடுக்கேணிக்குப் போய், புகைவிட்டு நின்றது.

“இதென்ன வேலைக்காரன், ரீச்சர்? அடுப்பு மூட்டுறான், சமைக்கிறானில்லை” என்றார். கண்ணில் ஒரு வெளிச்சம் தெரிந்தது. நாற்பது பேரை வேலை வாங்கிய மனிதருக்கு, கனகாலத்துக்குப் பிறகு ஒரு சோம்பேறி கிடைத்துவிட்டான்.

அன்றிலிருந்து குசினி மேசை பட்டறையானது. உள்ளே கரித்துண்டு உரசி ஓடுகிற பழைய மோட்டரைக் கழற்றி எறிந்தார். உரசல் இல்லாத புதுவகை மோட்டர், அதன் வேகத்தைக் கட்டுப்படுத்துகிற பெட்டி, பலமான பற்றறி எல்லாம் கொழும்பிலிருந்து வந்தன. புது மோட்டரைப் பொருத்தத் தகடு வேண்டியிருந்தது. தவமக்கா சோறு வடிக்கப் போனபோது சட்டி இருந்தது, மூடி இல்லை. மூடியில் பாதி படகுக்குள் இருந்தது. மோட்டர் சூடாகாமல் இருக்க, ஓடும்போதே தண்ணீரை உள்ளே இழுத்துச் சுற்றவிட்டு வெளியே துப்ப ஒரு மெல்லிய குழாய் வைத்தார். அது எங்கள் பள்ளிக்கூட மீன்தொட்டிக் குழாய் மாதிரியே இருந்தது. நான் விசாரிக்கவில்லை.

புது மோட்டரோடு கேணியில் விட்டபோது படகு மூக்கைத் தூக்கி, ஆகாயத்தில் ஒரு குட்டிக்கரணம் அடித்து, குளித்துக்கொண்டிருந்த கோயில் ஐயரின் தோளுக்குப் பக்கத்தில் தலைகீழாக விழுந்தது. ஐயர்களுக்கும் முதலாளிக்கும் தண்ணீரில் ராசியில்லை. கேணியில் இனிப் படகு விடக்கூடாது என்று கட்டளை வந்தது.

அதனால் வேறு வழியில்லாமல் கடலுக்கு வந்தார். வந்தார் என்றால், ஊர்காவற்றுறை இறங்குதுறையில் விளக்குக் கம்பத்தை ஒரு கையால் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றார். தண்ணீரில் படகை இறக்குவதும் எடுப்பதும் என்னுடைய வேலை.

“ரீச்சர், பற்றறியை ஒரு விரல் முன்னுக்குத் தள்ளுங்கோ.”

தள்ளினால் மூக்கு தண்ணீரில் புதைந்தது. பின்னுக்கு இழுத்தால் தவளை மாதிரித் துள்ளியது. நான் புவியீர்ப்பு மையத்தைப் பற்றி விளக்கத் தொடங்கினேன்.

“விளங்குது, விளங்குது. கடையில காசு மேசை மாதிரி. வாசலுக்குக் கிட்ட வைச்சாலும் பிழை, குசினிக்குக் கிட்ட வைச்சாலும் பிழை” என்றார். அடுத்த முறை சரியாக வைத்தார். பின்னால் சுழல்கிற புறப்பெல்லரின் ஓர் இதழ் பாரம் கூடியிருந்ததால் படகு நடுங்கியது. அதை ஊசியில் குத்தி நிறுத்தி, பாரமான பக்கத்தை அரத்தால் தேய்த்துத் தேய்த்துச் சமப்படுத்தினார். ஒவ்வொரு நாளும் ஓட்டம் முடிந்ததும் உப்புப் போக நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்தார். “என்னைக் கட்டின நாள் தொட்டு உந்தப் பக்குவம் நான் காணேல்லை” என்றார் தவமக்கா.

இதையெல்லாம் தன்னுடைய படகில் இருந்து பார்த்துக்கொண்டிருந்த யோகன் ஒருநாள் வாயைத் திறந்தான்.

“முதலாளி, உது கேணிக்குச் சரி. கடலுக்கு ஏலாது.”

“உன்ர போட்டை விட ஓடும்.”

“பந்தயமோ?”

“பந்தயம்!”

“நீங்கள் தோத்தால் என்ர போட்டில ஏறி அக்காவைப் பாக்க வரவேணும்.”

இறங்குதுறையில் நின்றவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். முதலாளி விளக்குக் கம்பத்தை இரண்டு கையாலும் பிடித்தார். “வெண்டால்?” என்றார்.

“பிறகு ஒரு நாளும் கேக்கமாட்டன்.”

“சரி.”

அதன் பிறகு நடந்தது வெறும் ரியூனிங் இல்லை, தவம். பழைய றிமோட்டையும் மாற்றினார். புது றிமோட்டைப் படகோடு முதன்முதல் இணைக்கும்போது, வேக விசையை முழுக்க இழுத்துப் பிடித்துக்கொண்டே இணைத்தார். “முதல்நாள் பழக்கிறதுதான், ரீச்சர். வேலைக்கு வந்த அண்டே ஓடப் பழக்க வேணும்” என்றார். தவமக்கா அடுப்படியில் நின்று பெருமூச்சு விட்டார். “கூடப் பிறந்தவளைப் பாக்காமல் இருக்கிறதுக்கு ஒரு மனுசன் இவ்வளவு பாடுபட்டு நான் கண்டதில்லை, ரீச்சர்.” அது அவருக்கும் கேட்டிருக்க வேண்டும். அரம் கொஞ்ச நேரம் நின்றது. பிறகு மீண்டும் தேய்க்கத் தொடங்கியது.

போட்டி ஒரு ஞாயிற்றுக்கிழமை. இறங்குதுறையிலிருந்து வெளியே ஒரு மிதவை வரை. நான் கைக்குட்டையை இறக்கினேன். யோகனின் படகு உறுமிக்கொண்டு எழும்பியது. அதற்கு முன்னால், தண்ணீரைத் தொட்டும் தொடாமலும், ஒரு சிவப்புக் கோடு போனது. அவ்வளவுதான். யோகன் பாதி தூரம் வருவதற்குள் அது மிதவையைத் தாண்டிவிட்டது.

சனம் கைதட்டியது. முதலாளி வென்றுவிட்டார். இனி யாரும் அவரை எங்கேயும் கூப்பிட முடியாது. விசையை விட்டார். படகு நிற்கவில்லை. திருப்பினார். திரும்பவில்லை. றிமோட் எட்டாத தூரத்துக்குப் போய்விட்ட படகு, இணைத்த நாளில் என்ன பழக்கப்பட்டதோ அதையே செய்தது. முழு வேகம். அனலைதீவுப் பக்கம்.

“என்ர போட்! என்ர போட்!”

கம்பத்தை விட்டுவிட்டு ஓடிய மனிதர், அப்போதுதான் துறைக்குத் திரும்பிவந்த யோகனின் படகில் ஒரே பாய்ச்சலாகப் பாய்ந்தார். “ரீச்சர், நீங்களும் போங்கோ, விழுந்தாரெண்டால் பிடியுங்கோ!” என்று தவமக்கா என்னையும் தள்ளிவிட்டார்.

கொஞ்ச தூரம் வரை முதலாளி எழுந்து நின்று, கையை நீட்டி, “அந்தா, அந்தா!” என்று வழிகாட்டிக்கொண்டிருந்தார். பிறகு சுற்றிப் பார்த்தார். நாலு பக்கமும் தண்ணீர். மெதுவாக உட்கார்ந்தார். என் கையைப் பிடித்தார். அடுத்து நடந்ததை விவரிக்கத் தேவையில்லை. நான் சால்வை போட்டிருக்கவில்லை என்பதை மட்டும் சொல்லிவைக்கிறேன்.

பற்றறி தீர்ந்து, தலைகீழாக மிதந்துகொண்டிருந்த படகைக் கண்டுபிடித்து யோகன் தூக்கி அவர் மடியில் வைத்தான். இயந்திரத்தை நிறுத்தினான். சத்தம் அடங்கியது.

“என்ன முதலாளி, திரும்புவமோ? அல்லது அங்காலை போவமோ?”

முதலாளி நிமிரவில்லை. “எது கிட்ட?” என்றார்.

யோகன் இரண்டு கரையையும் பார்த்தான். ஊர்காவற்றுறைத் துறையில் நிற்கிற தவமக்காவின் சேலை நிறம்கூட எங்களுக்குத் தெரிந்தது. அனலைதீவு ஒரு கோடாகத்தான் தெரிந்தது.

“அனலைதீவுதான் கிட்ட” என்றான் யோகன்.

முதலாளி தலையைத் தூக்கி அவனைப் பார்த்தார். “சரி, விடு” என்றார்.

அக்காவின் வீட்டுக்குள் அவர் நுழைந்த கோலம் எனக்கு இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. உடம்பெல்லாம் ஈரம், முகம் வெளிறிப்போய், கக்கத்தில் சிவப்புப் படகு. அக்கா கட்டிலில் கிடந்தபடி கண்ணைச் சுருக்கினார்.

“ஆரது?”

“நான்தான் அக்கா.”

அக்கா கனநேரம் பார்த்தார். பிறகு கக்கத்தைப் பார்த்தார். “உதென்னடா?”

“போட்.”

“இந்தச் சின்னனிலயோ வந்தனி?”

யோகன் வெளியே ஓடிப்போய்ச் சிரித்தான். முதலாளியும் சிரிக்கத்தான் தொடங்கினார். பாதியில் அது வேறொன்றாக மாறிவிட்டது. நிலத்தில் உட்கார்ந்து, கட்டில் விளிம்பில் தலையை வைத்துக்கொண்டார். அக்கா அந்தத் தலையைத் தடவிப் பார்த்துவிட்டு, “பிள்ளை, தலை நனைஞ்சு கிடக்கு. அந்தத் துவாயை எடு” என்றார் என்னிடம்.

பிறகொருநாள் முதலாளியிடம் தயங்கித் தயங்கிக் கேட்டேன், யோகன் அன்றைக்குச் சொன்ன தூரக் கணக்கைப் பற்றி.

“நாற்பது வருசம் காசு மேசையில இருந்தவனுக்குப் பொய் விளங்காதோ, ரீச்சர்? விளங்கித்தான் ஓமெண்டனான். பெடியன் பாவம், எனக்காக யோசிச்செல்லோ சொன்னவன்.”

அதன் பிறகு கிழமைக்கு ஒருதடவை அனலைதீவுக்குப் போனார். போகும்போதும் வரும்போதும் வாந்தி. அக்காவைக் கதிரையில் தூக்கி வைத்துக் கரைக்குக் கொண்டுபோய், அவர் பார்க்கப் படகு ஓட்டிக்காட்டினார். ஒருநாள் றிமோட்டை அக்காவிடம் கொடுத்தாராம். அக்கா படகை விட்டு யாரோ ஒருவருடைய மீன்வலையை அறுத்துவிட்டாராம். அதற்கு மன்னிப்புக் கேட்கப் போனவரும் முதலாளிதான்.

எனக்கு இடமாற்றம் வந்து இப்போது பெருநிலத்தில் இருக்கிறேன். சோளகக் காற்று பலமாக வீசிக் கடல் கொந்தளிக்கிற நாட்களில் அவருக்குப் போன் எடுப்பேன். எப்போதும் இறங்குதுறையில்தான் நிற்பார். அலை கல்லில் மோதுகிற சத்தத்துக்கு மேலாகக் கத்துவார்.

“கடல் நல்லாத்தான் கிடக்கு, ரீச்சர்!”

“ஓம் அண்ணை” என்பேன். யோகனின் படகு அனலைதீவுக்குப் போய்ச் சேர்ந்திருக்கும் என்று தெரிகிற நேரம் வரை எனக்கு வேறு வேலை ஓடாது.