கன்ஜங்ஷன் புரோக்கர் இழுத்த தட்டு

உத்திரமேரூர் தாலுகாவில் கூடிவந்த கல்யாணங்களைக் கலைத்ததில் கன்ஜங்ஷன் புரோக்கரை மிஞ்ச ஆள் கிடையாது. இத்தனைக்கும் அவர் தொழிலே கல்யாணம் முடித்துவைப்பதுதான்.

முன்பு மானாம்பதியில் இங்கிலீஷ் டியூஷன் எடுத்தவர். டியூஷன் படுத்ததும் ஜாதகக் கட்டோடு கிளம்பிவிட்டார்; இலக்கணத்தை மட்டும் விடவில்லை. வாக்கியங்களைச் சேர்க்கிற கன்ஜங்ஷன் சட்டம்தான் குடும்பங்களைச் சேர்க்கவும் என்பார். 'அண்ட்', 'பட்', 'ஆர்' எல்லாம் கோஆர்டினேட்டிங்: இரண்டு பக்கமும் சமம், தனித்தனியாகவும் நிற்கும். 'இஃப்', 'பிகாஸ்', 'ஆல்தோ' சபார்டினேட்டிங்: ஒன்று இன்னொன்றைப் பிடித்துத் தொங்கும். 'ஐதர், ஆர்' மாதிரி ஜோடி போட்டு வருவது கோரிலேட்டிவ்.

டவுன் பஸ் டிரைவரையும் கண்டக்டரையும் பார்த்து, "இன்னா கோரிலேட்டிவ், கெளம்பலாமா?" என்று கேட்டு அடி வாங்கப் பார்த்தார். ஒரு மாப்பிள்ளையின் அப்பாவிடம் நேராகவே, "உன் புள்ள சபார்டினேட்டிங் நைனா. நீ இல்லாம அவனுக்கு அர்த்தமே வராது" என்றார். அந்த இடம் அன்றோடு போச்சு.

போன வருஷம் என் அக்காவுக்கு ராஜகுளத்திலிருந்து இடம் கொண்டுவந்தார். அக்கா கம்பெனியில் குவாலிட்டி பிரிவில் இருக்கிறாள். கல்யாணத்துக்கு அப்புறமும் வேலைக்குப் போக வேண்டும், அவள் கேட்டது அவ்வளவுதான்.

பெண் பார்க்க வந்த அன்று பஜ்ஜி, காபி முடிந்தது. அப்பா வெற்றிலைத் தட்டை நீட்டினார். மாப்பிள்ளையின் அம்மா தட்டில் கை வைத்தபடியே சொன்னார்: "பொண்ணு வேலைய வுட்டா, தையிலயே முடிச்சிடலாம்."

அக்கா முகம் செத்துவிட்டது. புரோக்கர் எட்டித் தட்டைப் பிடித்து இழுத்தார்.

"இன்னாம்மா, நடுவுல 'இஃப்' போட்றீங்க? 'அண்ட்'னு பேசித்தான இட்டாந்தேன்?"

"இன்னாய்யா ஒளர்ற?"

"அவ வேலைக்கும் போவா, உங்க வூட்டுக்கும் வருவா. சரின்னா தட்ட எடுங்க."

அந்தம்மா எடுக்கவில்லை. வந்த வேன் திரும்பிப் போனது. தட்டு புரோக்கர் மடியில்.

"யோவ், கூடி வர்றப்ப கலைச்சிட்டியேய்யா!" அப்பா கத்தினார்.

"கலைக்கல நைனா, திருத்தினேன்" என்று சொல்லிவிட்டு மிச்ச பஜ்ஜியை எடுத்துக்கொண்டார்.

அதற்கப்புறம் சுற்றுவட்டாரத்தில் யாரும் அவரைப் பெண் பார்க்கக் கூப்பிடுவதில்லை. அக்கா தினமும் கம்பெனி பஸ்ஸில் போய்வருகிறாள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் குழம்பு இறக்கியதும் அவளே புரோக்கருக்குப் போன் போடுகிறாள்: "அண்ணா, எங்க கீறீங்க? நீங்க வந்தாதான் எல போடுவோம், சீக்கிரம் வாங்க."