இருபது அட்டையும் ஒரு ஊறுகாய் பாட்டிலும்

போன வெள்ளிக்கிழமை எனக்கு இருந்த சோலி ஒண்ணே ஒண்ணுதான். வேலைக்குப் போறப்ப இருபது அட்டை கொண்டு போகணும்.

அவ்வளவுதான். இதுல என்ன தப்பு நடக்கும்னு நீங்க நெனைக்கிறீங்க. நானும் அப்படித்தான் நெனைச்சேன்.

புதுசா படிக்கிறவங்களுக்கு: நான் பொறந்தது கவுஞ்சி, வாக்கப்பட்டது வடகவுஞ்சி. பேரைக் கேட்டா பக்கத்துப் பக்கத்துத் தெரு மாதிரி இருக்கும், நடுவுல மலையே கெடக்கு. அட்டுவம்பட்டியில ஒரு காட்டேஜுல சமையல் பண்றேன்.

அந்த வாரம் பெங்களூர்ல இருந்து நாலு பேரு வந்து தங்கியிருந்தாங்க. சுத்திப் பாக்க வரல. விளையாட்டு ஒண்ணு தயார் பண்ண வந்தாங்களாம். மேசையைச் சுத்தி உக்காந்து ஒருத்தர் கதை சொல்லுவாரு, மத்தவங்க வீரனாவும் மந்திரவாதியாவும் ஆகி, பகடையை உருட்டி அரக்கனைக் கொல்லணும். கம்ப்யூட்டர்ல சம்பாதிக்கிற புள்ளைங்க, பேப்பரும் பென்சிலும் வச்சுக்கிட்டு திங்கக்கெழமையில இருந்து மூணு டிராகனைக் கொன்னுருந்துச்சுங்க.

அவங்க பிரச்சனை என்னன்னா, அரக்கன் எல்லாம் வெளிநாட்டுச் சரக்கு. அதை நம்ம மலைக்கு ஏத்த மாதிரி மாத்தணும். அதுல பெரிய ஆளு விக்ரம் தம்பி. காப்பி கொண்டு போனா என்னை நிறுத்தி வச்சு யோசனை கேப்பாரு.

டிராகன் இந்த ஊருக்கு வந்தா சனங்க என்ன செய்வாங்கன்னு கேட்டாரு. காட்டுமாடே கடைத்தெருவுல நின்னு பழகியாச்சு, டிராகன் வந்தா ஒதுங்கி வழி விடுவாங்கன்னேன்.

பாலத்துக்கு அடியில ஒருத்தன் ஒளிஞ்சிருந்து போற வர்ற ஆளை மறிப்பான்னாரு. செக்போஸ்ட்டா தம்பின்னு கேட்டேன்.

கடைசியில ரத்தக்காட்டேரி. அவனுக்கு வெயில் ஆகாதாம். அப்ப இந்தக் குளுருக்குள்ள சௌக்கியமா இருந்துக்கலாம்னேன். பூண்டும் ஆகாதாம்.

எனக்குச் சிரிப்பு அடங்கல. "பூண்டுக்குப் பயந்தவனை, காடு பூராம் பூண்டு வெளையிற எங்க கவுஞ்சிக்குக் கூட்டிட்டுப் போனா பஸ்ஸை விட்டே எறங்க மாட்டான் தம்பி. ரத்தம் குடிக்கிறதுன்னா எங்க மலையில அட்டைதான்."

விக்ரம் தம்பி எந்திரிச்சே நின்னுட்டாரு. ரத்தக்காட்டேரி அன்னைக்கே அட்டைராசாவா மாறிட்டான். நான் அன்னைக்கு வெங்காயத்தை நறுக்குன தோரணையை நீங்க பாத்திருக்கணும்.

ஆனா எனக்கு உள்ளுக்குள்ள ஒரு பயம் இருந்துச்சு. அதுக்கு முன்னாடி வந்த புதுசோடி, அவங்க கேக்கைக் குரங்கு தூக்கிட்டுப் போனப்ப நான் சிரிச்சுட்டேன்னு நெட்ல ரெண்டு ஸ்டார்தான் போட்டுருந்தாங்க. எங்க ஓனர் மேடம் ரிட்டயர்டு டீச்சர். மார்க்கு கொறஞ்சா அவங்களுக்குத் தாங்காது. இந்த நாலு பேரும் அஞ்சு ஸ்டார் போடலைன்னா வேற சமையல் ஆளப் பாத்துக்குவேன்னு தீத்துச் சொல்லிட்டாங்க.

வியாழக்கெழமை சாயங்காலம் நான் கெளம்புறப்ப விக்ரம் தம்பி பின்னாடியே வந்தாரு.

"அக்கா, நாளைக்கு வரும்போது ஒரு இருபது அட்டை கொண்டு வர முடியுமா? அட்டைராசாவுக்கு வேணும். கொஞ்சம் தடிமனா இருந்தா பெட்டர்."

"கறுப்பாத்தான் கெடைக்கும் தம்பி, பரவாயில்லையா?"

"கறுப்பா? சூப்பர்க்கா. வெள்ளைப் பேனால எழுதிக்கிறோம்."

நானும் தலையாட்டிட்டு வந்துட்டேன். மாட்டுக்கு நம்பர் போடுறதில்லையா, அந்த மாதிரி ஏதோ போடப் போறாங்கன்னு நெனைச்சுக்கிட்டேன்.

அவங்க சாக்ஸ் எல்லாம் மழையில காயாம ஈரமாக் கெடந்துச்சு. பேரு வாங்கணுமே, அதையும் அடுப்புப் பக்கம் காயவச்சுத் தாரேன்னு வீட்டுக்கு எடுத்துட்டு வந்தேன்.

வீட்டுல விசயத்தைச் சொன்னதும் எங்க வீட்டுக்காரரு கேட்டாரு: "ஏ புள்ள, அட்டையை வச்சு என்ன விளையாட்டு?"

"உங்களுக்கு அதெல்லாம் புரியாது"ன்னு சொன்னேன். எனக்கு மட்டும் புரிஞ்ச மாதிரி.

ஊறுகாய் பாட்டிலைக் கழுவி வச்சேன். மூடியில ஓட்டை போடலைன்னா பாவம், அதுக்கு மூச்சு முட்டும்னு எம்மக அழுக ஆரம்பிச்சா. ஆணியை வச்சு நாலு ஓட்டை போட்டேன்.

வெள்ளிக்கெழமை வெள்ளனே எந்திரிச்சு காப்பித் தோட்டத்துக்குப் போனேன். மத்த நாள்ல காலு பூராம் உப்பும் புகையிலையும் தேச்சுக்கிட்டுத்தான் உள்ள போவோம். அன்னைக்கு சோப்பு போட்டுக் காலைக் கழுவிட்டு, சேலையைத் தூக்கிச் சொருகிக்கிட்டு, மாப்பிள்ளை வீட்டுக்காரங்களை எதிர்பாத்து நிக்கிற மாதிரி நின்னேன்.

வந்தாங்க. ஒருத்தரு ரெண்டு பேரு இல்ல, குடும்பத்தோட வந்தாங்க.

தம்பி தடிமனா வேணும்னு கேட்டாருல்ல. அதனால புடிச்ச உடனே பிச்சு எடுக்காம, நல்லாக் குடிச்சு ஊதட்டும்னு காத்துக்கிட்டு நின்னேன். என் ரத்தத்தை ஊத்தி வேலையைக் காப்பாத்துறேன்னு ஒரு பெருமை வேற.

பன்னெண்டு பேருக்குப் பொறுமையா ஊட்டுனேன். அதுக்குள்ள பஸ்ஸுக்கு நேரமாச்சு. மிச்ச எட்டுப் பேரையும் வெரசாப் புடிச்சுப் பசியோடயே பாட்டில்ல போட்டு, சாக்ஸ் இருந்த பையிலயே வச்சுக்கிட்டு ஓடுனேன்.

பஸ்ஸுல பக்கத்துல உக்காந்திருந்த அக்கா ஊறுகாயான்னு கேட்டாங்க. அட்டைன்னு சொன்னேன். அதுக்கப்புறம் சீட்டு பூராம் எனக்குத்தான்.

காட்டேஜுக்குப் போனதும் நாலு பேரும் சாக்ஸைத்தான் முதல்ல வாங்குனாங்க. கதகதப்பா இருக்குக்கான்னு பாராட்டி மாட்டிக்கிட்டாங்க. நான் பாட்டிலை எடுத்து மேசை நடுவுல, பகடைக்குப் பக்கத்துல வச்சேன்.

"இந்தாங்க தம்பி. பன்னெண்டு தடிமன், எட்டு மெலிசு."

ஷ்ரேயான்னு ஒரு பொண்ணு குனிஞ்சு பாத்துச்சு. உள்ள இருந்து ஒருத்தரு எந்திரிச்சு நின்னு தலையாட்டுனாரு.

"அக்கா, இது என்ன?"

"அட்டைம்மா."

"நாங்க கேட்டது கார்டு எழுதுற அட்டைக்கா. ஸ்டேஷனரி கடையில இருக்குமே, அது."

எனக்குக் காதுல மணி அடிச்ச மாதிரி இருந்துச்சு. சரி, தப்பு நடந்துபோச்சு, எடுத்துட்டுப் போயிருவோம்னு பாட்டிலைத் தூக்கி எண்ணுனேன். பன்னெண்டுதான் இருந்துச்சு. தடிமன் பூராம் உள்ள இருக்கு, மெலிசுல ஒண்ணைக்கூடக் காணோம்.

மூடியைப் பாத்தேன். நாலு ஓட்டை. என் மகளோட இரக்க குணத்துல பசியோட இருந்த எட்டுப் பேரும் எறங்கிட்டாங்க.

அந்த நேரத்துல விக்ரம் தம்பி, "அக்கா, சாக்ஸுக்குள்ள ஏதோ ஈரமா இருக்கு"ன்னாரு.

மூணு டிராகனைக் கொன்ன வீரனுங்க நாலு பேரும் சோபா மேல ஏறிட்டாங்க. மந்திரவாதி அழுதுட்டான். நான் அடுப்படிக்கு ஓடி உப்பை அள்ளிட்டு வந்து, மீனுக்குத் தடவுற மாதிரி ஒவ்வொரு காலா தடவுனேன்.

அந்த நேரம் பாத்துத்தான் மேடம் உள்ள வந்தாங்க. தரையெல்லாம் ரத்தம். கெஸ்ட்டு சோபா மேல. என் கையில உப்பு.

அட்டெண்டன்ஸ் நோட்டுல இருந்து என் பேரை அடிக்கிற மாதிரி ஒரு பார்வை பாத்தாங்க.

விக்ரம் தம்பி காலைப் பாத்துக்கிட்டே கேட்டாரு: "கடிச்சதே தெரியலையேக்கா?"

"தெரிஞ்சா குடிக்க விடுவீங்களா தம்பி? தடிமனா இருக்கறது நகராது. மெலிசா இருக்கறதுதான் ஆபத்து, பசியோட இருக்கும்."

சோபா மேல நின்னுக்கிட்டே அந்தத் தம்பி கத்துனாரு: "டேய், இதை எழுதுங்கடா."

ஏழு கெடைச்சுது. எட்டாவதை ஞாயித்துக்கெழமை மேடம் அவங்க கணுக்கால்ல கண்டுபிடிச்சாங்க. நல்லவேளை, அதுக்கு முன்னாடியே செல்லுல ரிவ்யூ வந்துருந்துச்சு. அஞ்சு ஸ்டார். 'சாப்பாடு அருமை. அரக்கன் தத்ரூபம்.'

மேடம் அதை ரெண்டு தடவை படிச்சுட்டு, அடுத்த வாரம் வர்ற பார்ட்டிக்கும் இது மாதிரி ஏதாச்சும் பண்ண முடியுமான்னு கேட்டாங்க.

ஊருக்குக் கெளம்புறப்ப அந்த நாலு பேரும் சாக்லேட் டப்பாவுல வெட்டுன ஒரு அட்டையை, எழுதுற அட்டையைத்தான், எனக்குக் குடுத்துட்டுப் போனாங்க. விளையாட்டுல என்னையும் சேத்துட்டாங்களாம்.

'அட்டைராசாவின் அக்கா. ஆயுதம்: உப்பு. சக்தி: தன் ரத்தத்தைக் குடுத்து அரக்கர்களை வளர்ப்பாள். பலவீனம்: எதுக்குன்னு கேக்க மாட்டாள்.'