உங்கள் தம்பியும் பக்கத்து வீட்டுச் சுவரும்

டிப்டன்,
நவம்பர் 12, செவ்வாய்

பெருமதிப்பிற்குரிய அண்ணி ஹில்டா அவர்களுக்கு,

கிளெனிஸ் எழுதிக்கொள்வது. தங்கள் முழங்கால் வலி குறைந்து, பார்மத் கடற்காற்றில் தாங்கள் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நானும் பூனையும் நலம். உங்கள் தம்பியைப் பற்றித்தான் இந்தக் கடிதம். தொலைபேசியில் சொல்லிவிடலாம் என்றால், தொலைபேசி சோபாவுக்குப் பக்கத்தில் இருக்கிறது, சோபாவில் உங்கள் தம்பி இருக்கிறார். ஆகவே சமையலறையில் உட்கார்ந்து, உருளைக்கிழங்கு உரிப்பதுபோல் பாவனை செய்துகொண்டு எழுதுகிறேன். கடிதம் கிடைத்த உடனே அவரைக் கூப்பிட்டு நீங்கள் ஒரு அதட்டு அதட்ட வேண்டும். ஞாயிற்றுக்கிழமைக்குள் நடக்க வேண்டும். எதற்கு அதட்ட வேண்டும் என்பதைக் கீழே படித்துத் தெரிந்துகொள்ளவும்.

ஏப்ரலில் அவருக்கு இடுப்பு எலும்பை மாற்றியது உங்களுக்குத் தெரியும். அவருடைய பழைய ராக் இசைக்குழுவில் டிரம்ஸ் வாசித்த பேரி போய்ச் சேர்ந்ததும் அதே மாதம்தான். அன்றைக்கு சோபாவில் படுத்தவர், ஆறு மாதம் எழவில்லை. நாள் முழுக்கத் தொலைக்காட்சியில் பிலியர்ட்ஸ் ஆட்டம், அதுவும் சத்தத்தை அணைத்துவிட்டு. கண்ணுக்கு மை இல்லை, ஜிகினா இல்லை, சாப்பாட்டில் ஒரு குறை சொல்வதில்லை. இத்தனை வருடத்தில் என் குழம்பைக் குறை சொல்லாத லென்னியை நான் பார்த்ததே இல்லை. வெளியே சொல்லவில்லை, ஆனால் இவரும் பேரி பின்னாலேயே போய்விடப் போகிறார் என்று பயந்துகொண்டுதான் இருந்தேன். அப்படி இருக்கையில் அக்டோபர் மாதம் ஒரு காலையில், உதட்டுச்சாயமும் வெள்ளி அங்கியுமாக மாடியிலிருந்து இறங்கி வந்தார். ஆம், 1973-இல் உங்கள் வீட்டு வரவேற்பறைத் திரையை வெட்டி, மேடையில் போட்டுக்கொள்ள நீங்கள் தைத்துக் கொடுத்தீர்களே, அதே அங்கி. "கிளெனிஸ், பாட்டு ஒண்ணு எழுதிட்டேன். பேரு 'இறங்க மாட்டேன்.' லென்னி காமெட் மேடைக்குத் திரும்ப வந்தாச்சு," என்றார். எழுபத்தேழு வயது. நான் தேநீர்க் கெண்டியைக் கீழே வைத்துவிட்டு அழுதேன். குழம்பில் உப்பு அதிகம் என்று அன்று மதியமே சொன்னார், இன்னும் கொஞ்சம் அழுதேன்.

சந்தோஷம் அன்றோடு சரி. மறுநாள் மால்கம் வந்தார். பேஸ் கிடார் வாசிப்பாரே, இப்போது இரண்டு காதிலும் கருவி மாட்டியிருக்கிறார், அவர்தான். ஒலிப்பதிவுப் பெட்டியை நம் மாடிப்படியின் கீழே வைத்துவிட்டு, "லென், நம்ம காலத்துப் பாட்டுன்னா திம் திம்னு கால் மிதிக்கிற சத்தம் வேணும். அது இல்லாட்டி அது சர்ச் பாட்டு," என்றார். உடனே பரணிலிருந்து அந்தக் குதிகால் பூட்ஸ் இறங்கியது. ஒரு விரல் உயரத்துக்கு மேல் குதிகால் கூடவே கூடாது என்று மருத்துவமனைப் பெண் படம் போட்டுக் காட்டியிருக்கிறாள், இது ஒரு சாண். நான் கத்தியதில் ஓர் உடன்பாடு வந்தது: நிற்கக் கூடாது, படியில் உட்கார்ந்தபடி மிதிக்கலாம். மிதித்தார். வீடே அதிர்ந்தது. பூனை துணி துவைக்கும் இயந்திரத்துக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. இரண்டாவது வரி பாடுவதற்குள், சுவருக்கு அந்தப் பக்கம் ஹொரேஸ் பியூ இடிக்க ஆரம்பித்துவிட்டார்.

ஹொரேஸைப் பற்றிச் சொல்ல வேண்டும். பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர், மனைவியை இழந்தவர், நம்மோடு ஒரே சுவரைப் பங்கு போட்டுக்கொண்டு இருப்பவர். பதினோரு வருடமாக நாங்கள் பேசுவதில்லை. எல்லாம் கொல்லையில் இருக்கும் வேலிச்செடியால் வந்தது. அது இரண்டு ஆள் உயரம் வளர்ந்து அவருடைய தக்காளிக்கு வெயில் வராமல் மறைக்கிறதாம். வெட்டச் சொல்லிக் கேட்டார், உங்கள் தம்பி மாட்டேன் என்றுவிட்டார். அன்றிலிருந்து குப்பை வண்டி வரும் நாளில் எங்கள் குப்பைத் தொட்டியின் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்துவிட்டுப் போவார். நானும் அவருடையதைத் திருப்பி வைப்பேன். மரியாதைக்கு ஒரு குறைவும் இல்லை. உங்கள் தம்பி பாத்ரூமில் பாடினால்கூட அந்தப் பக்கம் துடைப்பக்கட்டையால் டம் டம் என்று விழும். அது பழகிப்போன விஷயம்.

அன்றைக்கும் விழுந்தது. மால்கம் அதைக் கவனிக்கவில்லை. வீட்டுக்குப் போய்ப் போட்டுக் கேட்டுவிட்டு மறுநாள் மூச்சிரைக்க ஓடி வந்தார். "லென், யாருய்யா இந்த டிரம்மர்? என்கிட்ட சொல்லாம யாரை வச்சு வாசிச்ச?" போட்டுக் காட்டினார். உங்கள் தம்பியின் பாட்டு, அதற்கு அடியில் டம்... டம் டம். ஒவ்வோர் இடியும் துளி பின்தங்கி விழுகிறது. பேரி வாசித்தது அப்படித்தான் அண்ணி, ஐம்பது வருடமாகத் துளி பின்தங்கி. உங்கள் தம்பிக்குக் கண் மை கன்னம் வரை ஒழுகியது. பிறகு, "இது இல்லாம நான் பாட மாட்டேன்," என்றார்.

பாட்டு வெளியானது. வெளியானது என்றால் முன்போல் கடையில் இசைத்தட்டு கிடைக்கிறது என்று நினைக்க வேண்டாம், இப்போதெல்லாம் அது கணினிக்குள் எங்கேயோ வெளியாகிறது. இது தெரியாமல் உங்கள் தம்பி அங்கியோடு கடைத்தெருவுக்குப் போய், முன்பு இசைத்தட்டு விற்ற கடையில் நுழைந்து, "லென்னி காமெட்டோட புது சிங்கிள் வந்தாச்சா?" என்று கேட்டிருக்கிறார். இப்போது அது பல் வைத்தியசாலை. உட்கார வைத்து ஒரு பல்லைச் சுத்தம் செய்து அனுப்பியிருக்கிறார்கள். ஆனால் உள்ளூர் வானொலியில் இரண்டு தடவை போட்டார்கள். அறிவிப்பாளர் இவரைக் கூப்பிட்டு, டிரம்ஸ் யார் என்று கேட்க, இவர் ஊரறிய "பக்கத்து வீட்டு ஹொரேஸ்" என்று சொல்லிவிட்டார். தொழிலாளர் கிளப்பில் இந்த ஞாயிறு மதியம் வெளியீட்டு விழா. பிங்கோ ஆட்டத்துக்கும், இறைச்சியைப் பரிசாகத் தரும் குலுக்கலுக்கும் நடுவில் பன்னிரண்டு நிமிடம் ஒதுக்கியிருக்கிறார் செயலாளர். "பதிமூணாவது நிமிஷம் பன்னித்தொடையை மேடைக்குக் கொண்டு வந்துடுவேன். சனங்க அதுக்குத்தான் வர்றாங்க," என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். சுவரொட்டியும் ஒட்டியாகிவிட்டது: 'லென்னி காமெட்டும் பக்கத்து வீட்டுக்காரரும்.'

பக்கத்து வீட்டுக்காரரிடம் யார் கேட்பது? நான் அழகான தாளில் எழுதிக் கதவு இடுக்கில் போட்டேன். ஒரு மணி நேரத்தில் பதில் வந்தது. 'வானொலியில் என் பெயரைக் கேட்டேன். வரச் சம்மதம். ஞாயிற்றுக்கிழமைக்குள் வேலிச்செடி தோள் உயரத்துக்கு வெட்டப்பட வேண்டும். இப்படிக்கு, ஹெச். பியூ.' இவ்வளவுதானே என்று நான் கத்தரியைத் தேடப் போனால், உங்கள் தம்பி குறுக்கே வந்து நிற்கிறார்.

"வேலியைத் தொடாத, கிளெனிஸ்!"

"செடிதானேங்க? திரும்ப வளரும்."

"செடி வளரும். என் முடி வளருமா?"

விஷயம் அதுதான் அண்ணி. அவர் தலையில் இருப்பது டோப்பா என்பது உங்களுக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். மால்கமுக்குக்கூடத் தெரியாது. திங்கட்கிழமைதோறும் அதைத் துவைத்துக் கொல்லைக் கொடியில் காயப்போட்டுவிட்டு, வழுக்கைத் தலையோடு பக்கத்திலேயே காவல் உட்கார்ந்திருப்பார். ஒரு தடவை காகம் தூக்கிக்கொண்டு போகப் பார்த்தது, அதிலிருந்து காவல். வேலி இறங்கினால் ஹொரேஸ் பார்த்துவிடுவார், ஹொரேஸ் பார்த்தால் ஊர் பார்த்த மாதிரி. "லென்னி காமெட்டை மொட்டைத் தலையா ஒருத்தன் பாத்துட்டான்னா, அப்புறம் லென்னி காமெட்டே இல்ல. லென் டிரான்டர்தான் மிச்சம். அவன் பாட்டை யாரு கேப்பா?" என்றார். வீட்டுக்குள்ளேயே காயப்போடலாமே என்றேன். சுருங்கிவிடுமாம். விழாவை ரத்து செய்யச் சொல்லிவிட்டு நேற்று மறுபடியும் சோபாவில் படுத்துவிட்டார். பிலியர்ட்ஸ் ஓடுகிறது, சத்தமில்லாமல். இரவுச் சாப்பாட்டில் வேண்டுமென்றே உப்பே போடாமல் வைத்தேன். சாப்பிட்டுவிட்டு "நல்லா இருக்கு" என்றார்.

இன்னொரு ஆறு மாதத்தை என்னால் தாங்க முடியாது. நீங்கள் சொன்னால் கேட்பார், சின்ன வயதில் காதைத் திருகியவர் நீங்கள்தான். கூப்பிட்டு, "வெட்டுடா வேலியை!" என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். உங்களைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்.

தங்கள் உடல்நலத்தைக் கவனித்துக்கொள்ளவும். அடுத்த வீட்டு வில்லியம்ஸ் தம்பதிக்கும், சர்ச்சில் என்னை விசாரிக்கும் எல்லோருக்கும் என் வணக்கங்கள். கிறிஸ்துமஸ் கேக்குக்குப் பிராந்தி ஊற்ற ஆரம்பித்துவிட்டேன், ஒரு துண்டு தங்களுக்கு வந்து சேரும்.

இப்படிக்கு,
சொன்னால் கேட்காத தங்கள் தம்பியின்,
சொல்லிச் சொல்லி அலுத்த மனைவி,
கிளெனிஸ் டிரான்டர்

பி.கு.: தயவுசெய்து கூப்பிட வேண்டாம். தபால்தலையை ஒட்டிவிட்டு மேல்கோட்டை மாட்டும்போது கொல்லையில் பேச்சுச் சத்தம் கேட்டது. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். உங்கள் தம்பி டோப்பா இல்லாமல், வெறுந்தலையோடு, கையில் கத்தரியுடன் நிற்கிறார். வேலியில் ஒரு தலை நுழையும் அளவுக்கு ஓட்டை. ஓட்டையில் ஹொரேஸின் முகம்.

"நீ தட்டாம என்னால பாட முடியாது. சிரிக்கிறதுன்னா இப்பவே சிரிச்சு முடிச்சுடு," என்கிறார் இவர்.

"எதுக்குய்யா சிரிக்கணும்? என் மாடி ஜன்னல் எங்க இருக்குன்னு நெனச்ச? பதினோரு வருஷமா திங்கக்கிழமை திங்கக்கிழமை பாத்துட்டுத்தானே இருக்கேன். அந்தக் காக்காயைச் சோப்பு டப்பாவை எறிஞ்சு வெரட்டினதே நான்தான்."

"யார்கிட்டயும் சொல்லலியா?"

"உன் தலை, உன் சமாச்சாரம்."

உங்கள் தம்பி மொட்டைத் தலையை ஒரு தடவு தடவினார். பிறகு, "அவ்வளவு நல்லவன் எதுக்குய்யா செவுத்தை இடிச்சுக்கிட்டே இருந்த?" என்றார்.

"பின்னே? ரெண்டாவது வரி வந்தா தறிகெட்டு ஓடற. யாராவது இழுத்துப் பிடிக்க வேணாமா? உன் பேரி வீட்டுக்கு வந்து வாசிக்கிறப்ப நானும் இந்தப் பக்கம் கூடவே தட்டுவேன். இப்ப அவனும் இல்ல. நானும் விட்டுட்டா நீ எங்க போய் நிப்ப?"

உங்கள் தம்பி கத்தரியைக் கீழே போட்டுவிட்டு, நெற்றியிலிருந்து பின்மண்டை வரை இருக்கிற முகத்தையெல்லாம் அங்கியின் கையில் துடைத்தார். மீதி வேலியையும் வெட்டட்டுமா என்று கேட்டார். வெட்டு, தக்காளி விஷயத்தில் விட்டுக்கொடுக்க மாட்டேன் என்கிறார் அந்த மனிதர். ஞாயிற்றுக்கிழமை உங்கள் தம்பி டோப்பா இல்லாமலே மேடையேறப் போகிறாராம், மொட்டைத் தலை முழுக்க ஜிகினா தடவிக்கொண்டு.

ஆகவே மேலே எழுதியது எதையும் பொருட்படுத்த வேண்டாம். இதை அனுப்பவே தேவையில்லை, தபால்தலை வீணாகிவிடுமே என்று அனுப்புகிறேன். இந்தக் கடைசிப் பக்கத்தில் கையெழுத்து கோணல்மாணலாக இருப்பதற்கு மன்னிக்கவும். சுவருக்கு அந்தப் பக்கம் துடைப்பக்கட்டை, இந்தப் பக்கம் பூட்ஸ், நடுவில் மேசைக்கு அடியில் என் காலும் சும்மா இருக்க மாட்டேன் என்கிறது.