ராகுகாலத்துக்கு முன் பூட்டிய கிளச்

பெண்ணிடம் நல்ல பெயர் எடுக்க ஆண்கள் சொல்லும் பொய்களில் மிகவும் ஆபத்தானது, "மோட்டர் சைக்கிளை நானே திருத்துவன்" என்பது. நான் அதைத் தொலைபேசியில் சுகன்யாவிடம் சொன்னேன். அடுத்த ஞாயிறு அவளைப் பெண் பார்க்கப் போவதாக இருந்தது.

"அப்ப அதிலையே வாங்கோ" என்றாள்.

எனக்கு ஏற்கெனவே இரண்டு சம்பந்தம் முறிந்திருந்தது. (ஒன்றில் சாதகம் பொருந்தவில்லை. மற்றதில் சாதகம் பொருந்தியது, நான்தான் பொருந்தவில்லை.) இதுவும் கெட்டால் அம்மா தாங்கமாட்டார். எனக்கும் அந்தக் குரல் பிடித்துப்போயிருந்தது.

வெள்ளிக்கிழமை கிளச் வழுக்கத் தொடங்கியது. எஞ்சின் கத்தும், வண்டி நகராது. புதிய தட்டுகள் வாங்கி வந்து, ஞாயிறு காலை ஹனோவரில் எங்கள் வீட்டுக் கராஜில் குந்தினேன். காணொளியைப் பார்த்துப் பார்த்து மாற்றியும் விட்டேன். அதுவரை நான் ஒரு மேதை. மூடியைத் திரும்பப் பூட்டும்போதுதான், ஒயில் கசியாமல் நடுவில் வைக்கும் கடதாசி காஸ்கெட் கிழிந்து கிடந்ததைக் கண்டேன். ஞாயிற்றுக்கிழமை இந்த நாட்டில் ஊசி வாங்கவும் கடை இல்லை. அலுமாரியில் கிடந்த சிலிக்கோன் பசையைப் பாணுக்கு பட்டர் பூசுவதுபோல அப்பி, மூடியை இறுக்கி, ஒயிலையும் ஊற்றினேன். பிறகுதான் பசைக் குழாயில் இருந்ததை வாசித்தேன். காய ஒரு முழு நாள் வேண்டுமாம்.

மத்தியானம் கழிந்து அம்மா பட்டுச்சேலையோடு வந்து நின்றார். "நாலரைக்கு ராகுகாலம். அதுக்கு முதல் வெளிக்கிடு."

"பசை காயேல்லை அம்மா."

"அப்ப காரிலை ஏறு."

"ஏலாது. அவவுக்குச் சொல்லிப்போட்டன்."

(யாழ்ப்பாணத்துக் கலண்டரின் ராகுகாலம் ஹனோவருக்கும் செல்லுமா என்று கேட்க எனக்குத் துணிவில்லை.)

அம்மாவும் அப்பாவும் காரில் முன்னால் போனார்கள், நான் மோட்டர் சைக்கிளில் பின்னால். இரண்டாவது சிக்னலில் என் வலது கணுக்கால் சுட்டது. குனிந்து பார்த்தால் சப்பாத்து ஒயிலில் பளபளக்கிறது. பின்சில்லில் பட்டால் வழுக்கி விழுவேன், நிறுத்தினால் ராகுகாலம் வந்துவிடும். தெரிந்த கடவுள்களை எல்லாம் கூப்பிட்டுக்கொண்டு, ஆமை வேகத்தில் சுகன்யா வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தேன்.

உள்ளே நாற்காலி நுனியில் இருந்தேன். சுகன்யா தேத்தண்ணி தந்தாள். அவள் முகத்தைப் பார்க்க வேண்டியவன், வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒயில் எவ்வளவு மிச்சமிருக்கும் என்பதே யோசனை.

யன்னலில் நீல வெளிச்சம் சுழன்றது. ஒரு தீயணைப்பு வண்டி, நான் வந்த வழி முழுக்க நான் சிந்திய ஒயில் கோட்டில் அதை உறிஞ்சும் பொடியைத் தூவித் தூவி, ஊர்ந்து வந்து அந்த வீட்டு வாசலில் நின்றது. மணி அடித்தது. சுகன்யாவின் அப்பா போய்க் கதைத்துவிட்டுத் திரும்பி வந்தார்.

"தம்பி, உங்களைத்தான் தேடி வந்திருக்கினம்."

அவ்வளவுதான், இதுவும் போச்சு என்று நினைத்தேன். வெளியே போனேன். அயலவர்கள் எல்லாரும் மதிலருகே நின்றார்கள். பின்னால் வந்த சுகன்யா, வடைத் தட்டை வெறுமையாக்கி எஞ்சினுக்குக் கீழே தள்ளினாள். சொட்டு விழும் மூடியைக் குனிந்து பார்த்தாள்.

"அப்பா, இவர் பொய் சொல்லேல்லை. தானே திருத்தினது எண்டு பாக்கவே தெரியுது."

முதலில் சிரித்தது அவளுடைய அப்பா. பிறகு தீயணைப்புக்காரர், ஒன்றும் விளங்காமலே சிரித்தார்.

எங்களுக்குக் கல்யாணமாகி, மகளும் பிறந்து வளர்ந்துவிட்டாள். இன்றைக்கும் தெருவில் சைரன் கேட்டால் அவள் யன்னலுக்கு ஓடுவதில்லை. குசினிப் பக்கம் திரும்பிக் கத்துவாள்:

"அம்மா, அப்பா வீட்டிலைதானே நிக்கிறார்?"